உத்தரவாதமும் வாணிப அறமும்

மடிக்கணினி இன்று செல்வர் இல்லப் பொருளன்று. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர்ச் சிற்றூர் மாணவரும் அதனைக் கையாளப் பழகினர். பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்திலிருந்து பேருந்தேறி வரும் மாணவர் பையிலும் நூல்களோடு அதனைக் காணலாம். சிறுகச் சேர்த்த பணத்தில் கூடுதல் நினைவகம் வாங்கி, திருகாணிகளைக் கழற்றித் தாமே பொருத்திக் கொள்ளும் துணிவும் அவர்க்கு வந்துள்ளது. பாராட்டத்தக்கதே. ஆயின், சில திங்களில் திரையில் கோடுகள் தோன்றி, "மூடியைத் திறந்துவிட்டீர்கள், உத்தரவாதம் செல்லாது" என்று பழுதுநீக்கு நிலையத்தார் கைவிரித்தால் அவர் என் செய்வார்?

திறந்தமை வேறு, கெடுத்தமை வேறு என்பதே என் துணிபு.

இவ்வேறுபாட்டைச் சோதித்தறியவும் வழியுண்டு. நினைவகம் சரியாக அமரவில்லையெனில் திரை இருண்டு கிடக்கும். கழற்றி மீண்டும் பொருத்தினால் தீரும். திரைக்குச் செல்லும் வடமோ கீல்வழியே செல்வது. நாள்தோறும் மூடித் திறப்பதால் அது நைந்து கோடுகள் தோன்றினால், நினைவகத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. வேறொரு திரையை இணைத்துப் பார்க்கலாம். அதில் காட்சி தெளிவாயின் பழுது பெரும்பாலும் கணினியின் திரையிலோ அதன் வடத்திலோ இருக்கும்; அதிலும் கோடுகள் தோன்றின் வரைகலைப் பகுதியையோ நினைவகத்தையோ ஐயுறலாம். திறக்கும்போது வடத்தை இழுத்து அறுத்திருந்தால் பழி திறந்தவருடையதே.

இஸ்லாமிய வாணிபச் சட்டம் இச்சிக்கலை என்றோ எண்ணிப் பார்த்துள்ளது. வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்படின் அதனைத் திருப்பித் தரும் உரிமையை 'கியாருல் ஐபு' என்பர். வாங்கியவர் கையில் புதுக்குறையொன்று நேர்ந்துவிட்டால், விற்றவர் இசைந்தாலன்றித் திருப்பித் தர இயலாது. எனினும் பழைய குறைக்குரிய விலைக்குறைப்பைப் பெறலாம் என்பது ஹனஃபி சட்ட அறிஞர் கொள்கை. புதுக்குறை பழைய குறைக்கான பொறுப்பை விழுங்கிவிடுவதில்லை. எத்துணை நுட்பமான நடுவுநிலை!

நம் நாட்டிலும் இந்நெறி ஒலித்துள்ளது. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில், வெளியாரிடம் பழுது பார்த்தமைக்காக உத்தரவாதத்தை முழுதும் நீக்கலாகாது. தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்தின் அளவிற்கே நீக்கலாம் என்றது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன, கணினிக்கு அவ்வாணை நேரே பொருந்துவதும் அன்று. எனினும் அந்நெறி கணினிக்கும் உரியதாதல் வேண்டும். 2022 டிசம்பர் 24இல் மத்திய அரசு பழுதுபார்ப்பு உரிமைக்கென இணையவாயில் தொடங்கியது அத்திசையில் ஓர் அடி.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கிற்குக் காரணம் எழுந்த நாள்முதல் 2 ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். 5 இலட்ச ரூபாய்க்கு மேற்படாத பொருளாயின் கட்டணமில்லை. தேவையெனில் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்திற்கு அதிகாரமுண்டு.

உரிமை கேட்போர்க்குக் கடமையும் உண்டு. தானியக் குவியலில் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என விற்றவரை வினவினார். அவ்வாய்மை வாங்குவோர்க்கும் உரியது. மாணவச் செல்வங்களே! திறக்குமுன் உத்தரவாதத் தாளைப் படியுங்கள். பழைய நினைவகத்தையும் ரசீதையும் பேணுங்கள். நிலையத்தில் செய்ததை மறையாது சொல்லுங்கள். அதன்பின், "நான் திறந்ததால்தான் கெட்டதென்று எழுத்தில் காரணம் காட்டுங்கள்" என்று அஞ்சாது கேளுங்கள்.