கோர்ட்டில் தமிழ்: மாயூரம் முன்சீப் அன்று கேட்டது இன்னும் கிடைக்காதது ஏன்?

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். திருச்சி கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார். தீர்ப்பும் தமிழில் வரலாம். அதே வழக்கு அப்பீல், அதுக்கு மேல அப்பீல்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால்? வாதம், தீர்ப்பு எல்லாமே ஆங்கிலம். தன் வீட்டைப் பற்றி என்ன பேசுறாங்கன்னு வீட்டுக்காரருக்கே புரியாது.

இந்தச் சிக்கலை 19-ம் நூற்றாண்டிலேயே கோர்ட்டுக்குள் இருந்து பார்த்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பேரில்தான் மாயூரம். பிறந்தது 1826-ல், திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில். திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து மொழிபெயர்ப்பாளர் ஆனார். ஆங்கிலேய நீதிபதிக்கும் தமிழ் மட்டுமே தெரிந்த வழக்காளிக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. பிறகு தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரத்தில் முன்சீப்.

1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. பள்ளியில் ‘முதல் தமிழ் நாவல்’ என்று ஒரு மார்க்குக்காகப் படித்திருப்பீர்களே, ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879), அதில் நீதிபதி, வக்கீல், கட்சிக்காரர் எல்லோருமே தமிழர்களாக இருக்கும்போது வாதம் மட்டும் எதுக்கு ஆங்கிலத்தில் என்று கேட்கிறார்.

கீழமை நீதிமன்றங்களுக்கு 1976-ல் ஒரு சட்டத்திருத்தம் தமிழைக் கொண்டுவந்தது. ஆனாலும் ஆங்கிலத் தீர்ப்புகள் நிற்கவில்லை.

உயர் நீதிமன்றத்தில் என்ன தடை?

அரசியலமைப்பின் 348-வது பிரிவுப்படி அங்கே ஆங்கிலம்தான். குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு ஆளுநர் மாநில மொழியை அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகாருக்கு இப்படித்தான் இந்தி கிடைத்தது. தமிழக சட்டப்பேரவை 2006-லேயே தீர்மானம் போட்டது. 2012-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. நாலு மாநிலத்துக்கு முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி நியாயமானதே.

2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் இணையத்தில் கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், வழக்கு முடிந்தபின் தீர்ப்பைப் படிப்பது வேறு, நடக்கும்போதே வாதத்தைப் புரிந்துகொள்வது வேறு. மொழிபெயர்ப்பாளராகவே இருந்த வேதநாயகம், மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்று சொல்லவில்லை. இப்போதும் அந்தத் தமிழாக்கத்தை வாசிக்கலாம், அவ்வளவுதான். சட்டப்படி செல்லுவது ஆங்கில மூலம் மட்டுமே.