எரிதத்தை விழுங்காதீங்க, வாசல்லயே திருப்பி அனுப்புங்க

கம்பெனியில மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கறவனுக்கு ரெண்டு விதமான திட்டு உண்டு. குப்பை மடல் உள்ள வந்துட்டா உடனே போன் வரும். "என்னப்பா, மறுபடியும் லாட்டரி மெயில் வந்திருக்கு?" நல்ல மடல் வராமப் போனா போன் வராது. வரலைங்கறதே யாருக்கும் தெரியாதே! அதனால நம்ம பொட்டி தட்டற மக்கள் முதல் திட்டுக்கு மட்டும் பயந்து வேலை பாக்கறாங்க. என் கட்சி என்னன்னா, ரெண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

நான் ஆணி பிடுங்கறது அம்பத்தூர் தொழிற்பேட்டையில. லேத், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட்னு சின்னச் சின்ன பட்டறைங்கதான் இந்த ஏரியாவோட உயிர். பாடி, ஆவடி, திருமழிசைனு சுத்துவட்டாரம் முழுக்க எங்க சப்ளையர்கள். பெரும்பாலானவங்களுக்கு சொந்த மெயில் சர்வர் கிடையாது. மலிவா வாங்கின ஹோஸ்டிங். ஒரே ஐ.பி. முகவரியில பல வெப்சைட் ஒண்டுக் குடித்தனம் பண்ணும். அதுல ஒருத்தன் எரிதம் அனுப்பினா மொத்தக் குடித்தனத்துக்கும் கெட்ட பேரு.

ஆவடி பக்கம் பிளேட்டிங் பட்டறை வச்சிருக்கற அண்ணாச்சி ஒருத்தர் இப்படித்தான் மாட்டினார். மூணு தடவை கொட்டேஷன் அனுப்பியிருக்கார். பர்ச்சேஸ்ல கேட்டா "வரவே இல்ல சார்". ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடுச்சு. அப்புறம் பைக்கை எடுத்துட்டு நேர்லயே வந்துட்டார். "ஏன் தம்பி, ரேட்டு கூடன்னா கூடன்னு சொல்லலாம்ல? பதிலே போடாம விட்டா எப்படி?" லாகைத் தோண்டினா மூணு மடலும் சர்வர் வரைக்கும் வந்திருக்கு. வெளியாள் ஒருத்தர் எப்பவோ அமைச்சுக் கொடுத்துட்டுப் போன ஃபில்டர், வாங்கிக்கிட்டு சத்தமில்லாம அழிச்சிருக்கு. அவர் கணக்குல 'போயிடுச்சு', எங்க கணக்குல 'வரலை'.

இந்த மாதிரி சமயத்துல மேலிடத்துல இருந்து வர்ற யோசனை இன்னும் ஜோரா இருக்கும். "எந்த நாட்டுல இருந்து குப்பை வருதோ அந்த நாட்டையே பிளாக் பண்ணிடு." ஐயா, நம்ம மெஷினுக்கு ஸ்பேர் அந்த நாட்டுல இருந்துதானே வருது :-)

எரிதம் எங்கேருந்து வருதுன்னு பாக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. அனுப்புனர் முகவரியை நம்பக் கூடாது, அதை யாரு வேணா என்ன வேணா எழுதலாம். மடலோட தலைப்பகுதியில 'ரிசீவ்ட்'னு வரிசையா வரிகள் இருக்கும், தபால்ல ஒவ்வொரு ஆபீஸும் குத்தற முத்திரை மாதிரி. அதுல நம்ம சர்வர் குத்தின முத்திரை மட்டும்தான் நிச்சயம். கீழே இருக்கறதெல்லாம் போலியாவும் இருக்கலாம். அந்த ஐ.பி.யைத் தேடிப் போனா, நிறைய தடவை வைரஸ் புகுந்த யாரோ ஒரு அப்பாவியோட கம்ப்யூட்டர்லதான் போய் நிக்கும். 2008 நவம்பர்ல மெக்கோலோங்கற ஒரே ஒரு அமெரிக்க ஹோஸ்டிங் கம்பெனியோட இணைப்பைத் துண்டிச்சப்போ உலகத்து எரிதத்துல பாதிக்கு மேல குறைஞ்சுது. இந்த மாதிரி கம்ப்யூட்டர்களை ஆட்டிவைக்கற சர்வர்கள் அங்க இருந்ததுதான் காரணம். சில மாசத்துல பழையபடி ஆயிடுச்சுங்கறது வேற கதை. அதனால ஐ.பி.யை ஒவ்வொண்ணா கையால பிளாக் பண்றது கொரட்டூர் ஏரிக்கரையில உக்காந்து கொசு அடிக்கற வேலை. அதுக்குத்தான் 1998ல இருந்து ஸ்பாம்ஹவுஸ் மாதிரி ஆளுங்க பட்டியல் போட்டு வச்சிருக்காங்க.

பட்டியலை உபயோகிங்க, வேணாங்கலை. ஆனா எந்த இடத்துல உபயோகிக்கறோம்ங்கறதுதான் விஷயம். மடலை வாங்கின பிறகு அழிச்சா அண்ணாச்சி கதைதான். வாங்கின பிறகு 'வேண்டாம்'னு திருப்பி அனுப்பினா அது இன்னும் மோசம். அனுப்புனர் முகவரி பொய்யா இருந்தா, சம்பந்தமே இல்லாத ஒருத்தர் தலையில அது போய் விழும். இப்ப நாமளே எரிதம் அனுப்பறவங்க! ரெண்டு சர்வரும் பேசிக்கிட்டு இருக்கும்போதே, மடலை வாங்கறதுக்கு முன்னாடியே, 550னு சொல்லி மறுத்துடணும். நிஜமான ஆளா இருந்தா அவரோட சர்வரே அவருக்குத் 'போகலை'ன்னு காரணத்தோட சொல்லிடும். வைரஸ் பிடிச்ச மெஷினா இருந்தா பெரும்பாலும் அது பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போயிடும்.

சட்டம் காப்பாத்தும்னு உக்காந்திருக்கவும் முடியாது. ட்ராயோட 2018 விதிமுறை விளம்பரப் போன்காலுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும்தான். எங்கிருந்து வந்துதுன்னு ஏமாத்தற மின்னஞ்சலைப் பத்தி 66ஏ பிரிவுல ஒரு வரி இருந்துது. அந்தப் பிரிவையே சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24ல ரத்து பண்ணிடுச்சு (அதுல எனக்கு வருத்தம் இல்ல, அது வேற பதிவு).

நம்ம வீட்டுக் குப்பையையும் பாக்கணும். மெயில் சர்வரைத் தவிர வேற எந்த கம்ப்யூட்டரும் 25ம் நம்பர் போர்ட் வழியா வெளிய போகக் கூடாதுன்னு ஃபயர்வால்ல ஒரு வரி போட்டா போதும். அக்கவுண்ட்ஸ்ல யாரோ சொருகற பென் டிரைவால நம்ம ஐ.பி. பட்டியல்ல ஏறுற வாய்ப்பு நல்லாவே குறையும்.

எங்க சர்வர்ல இப்ப மறுப்புச் செய்தியில எங்க பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் போன் நம்பரையும் சேர்த்திருக்கேன். 'உங்க ஐ.பி. பட்டியல்ல இருக்கு, அவசரம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க.' எரிதம் அனுப்பறவன் ஒருத்தனும் இதுவரைக்கும் கூப்பிடலை. அண்ணாச்சி ரெண்டு தடவை கூப்பிட்டார்.