கொடிக்குப் பின்னால் நிற்பவர்

இசை விழாக்களில் கூட்டத்தின் நடுவே கொடி பிடிப்பவர்களைப் பற்றி நண்பர் ஒருவரிடம் அலுத்துக்கொண்டது என் பிழை. ஒரு கோப்பைத் தேநீரோடு முடிந்திருக்கவேண்டிய பேச்சு இரவு உணவு வரை நீண்டது. நண்பர் ராக் இசையில் ஊறியவர். கொடிகள் இல்லாத கிளாஸ்டன்பரி தேர் வராத திருவிழா என்றார். கொடிகள் பெரும் இடையூறு என்றேன் நான். சபா நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டி வளர்ந்தவன் நீ, புல்வெளியில் நின்று பாட்டுக் கேட்பவனைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதிக்கான பதில், வழக்கம்போல, வீடு திரும்பும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கிளாஸ்டன்பரியையே எடுத்துக்கொள்வோம். அந்த விழா 1970 செப்டம்பரில், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பில்ட்டன் என்ற கிராமத்தில், மைக்கேல் ஈவிஸ் என்னும் பால்பண்ணைக்காரரின் நிலத்தில் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. பண்ணையின் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1500 பேர். இப்போது விழா நடக்கும் ஆண்டுகளில் அதே பண்ணையில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடுகிறார்கள். கைப்பேசி இல்லாத காலத்தில் அத்தகைய கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிட்டால் மறுநாள் காலை கூடாரத்தில்தான் சந்திக்க முடியும். ஆகவே ஒரு குழு தனக்கென்று ஒரு துணியைக் கம்பத்தில் கட்டி உயர்த்தியது. அந்தக் கொடி ஒரு முகவரி. தண்ணீர் எடுக்கப் போனவனுக்கு, கழிப்பறை வரிசையிலிருந்து திரும்புகிறவளுக்கு, தன் மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லும் கலங்கரை விளக்கம். இந்தப் பயன்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. விழா அமைப்பாளர்களே வயல் ஓரங்களில் நடும் உயரமான வண்ணக் கொடிகளின் மேலும் எனக்குப் புகார் இல்லை. அவை ஓரத்தில் நிற்கின்றன. காற்று வந்தால் அழகாக அசைகின்றன. யார் கண்ணையும் மறைப்பதில்லை.

என் புகார் மேடைக்கு எதிரே, கூட்டத்தின் முன்பகுதியில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது உயர்ந்து நிற்கும் கொடிகளைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் தென்பகுதியில் நடந்த ஒரு சிறிய விழாவுக்கு உறவினர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். என் உயரம் ஐந்தடி நான்கங்குலம். நல்ல இடம் வேண்டுமென்று இரண்டு மணிநேரம் முன்னதாகவே போய் நின்றோம். பாடகி மேடைக்கு வந்ததும் எனக்கு நான்கு வரிசை முன்னால் ஒரு கொடி எழுந்தது. ஏறக்குறைய ஓர் இரட்டைக் கட்டில் விரிப்பின் அளவு. காற்றில் திரும்பிவிடாமலிருக்க மேலே குறுக்குச் சட்டம் வைத்து, மிகுந்த அக்கறையோடு தைத்திருந்தார்கள். அடுத்த ஒரு மணிநேரம் நான் பார்த்தது அந்தத் துணியைத்தான். அதில் ஏதோ எழுதியிருந்தது. பின்பக்கத்தில் நின்ற எனக்கு எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிடமாகத் தெரிந்தன. மூன்றாம் பாட்டின்போது ஒருவழியாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். யாரோ ஒருவருக்கான பிறந்தநாள் வாழ்த்து.

அந்த வாழ்த்து யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற எங்களுக்காக இல்லை. எங்களுக்கு அது படிக்கவே முடியாதபடி இருந்தது. மேடையில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவருக்காகவும் இருக்க முடியாது. மேடையின் பக்கமிருந்து கூட்டத்தை நோக்கித் திரும்பியிருந்த படக்கருவிதான் அதன் உண்மையான வாசகர். கிளாஸ்டன்பரியை பிபிசி 1997 முதல் ஒளிபரப்பிவருகிறது. கூட்டத்தின் மேல் படக்கருவி ஊர்ந்துபோகும் அந்தச் சில நொடிகளில் வீட்டிலிருப்பவர்கள் தம் கொடியைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் முகவரியாகத் தொடங்கிய கொடி இங்கே விளம்பரமாகிவிடுகிறது. முன்பு அது தன் கூட்டத்தாரைத் தேடியது. இப்போது அங்கே இல்லாத ஒருவரைத் தேடுகிறது. அதற்காக அங்கே இருப்பவர்களை மறைக்கிறது.

நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். மூன்றும் வலுவானவை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதல் வாதம், இசை காதுக்கானது, கண்ணை மறைத்தால் என்ன என்பது. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. காதுக்கு மட்டும்தான் என்றால் வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் கேட்கலாம். ஒலி அங்கே இன்னும் துல்லியமாக இருக்கும். சேற்றில் நின்று, விலையுயர்ந்த சீட்டு வாங்கி, மழையில் நனைந்து ஒருவர் போவது, அந்தக் குரல் ஒரு உடலிலிருந்து வருவதைக் காண்பதற்காக. உச்சத்துக்குப் போகும் முன் பாடகர் எடுக்கும் மூச்சு, தாளக்காரரும் கிட்டார்க்காரரும் கண்ணால் பேசிக்கொள்வது, இவையெல்லாம் இசையின் பகுதிகள். பெரிய திரைகள் இருக்கின்றனவே என்றும் சொன்னார். கொடி திரையையும் சேர்த்துத்தான் மறைக்கிறது. மறைக்காவிட்டாலும், வயல்வெளியில் நின்று தொலைக்காட்சி பார்ப்பதற்கு யாரும் நூறு மைல் பயணம் செய்வதில்லை.

இரண்டாவது வாதத்துக்கு அவர் நம் வீட்டுக்குள்ளேயே கைவைத்தார். பட்டினப்பாலையைப் படித்தவன்தானே நீ என்றார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கதிரவனின் ஒளி நுழைய முடியாத அளவுக்குக் கொடிகள் அடர்ந்திருக்கின்றன. புலவர் அதை வளத்தின் அடையாளமாகப் போற்றுகிறார். வெளிச்சம் வரவில்லை என்று முறையிடவில்லை. கொடி அடர்ந்த இடமே உயிருள்ள இடம் என்பது நண்பரின் கட்சி.

அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். அங்கே எந்தக் கொடியும் சும்மா நிற்கவில்லை. கோயில் வாயிலில் ஒரு கொடி, துறைமுகத்தில் கப்பல்களின் பாய்மரத்தில் கொடி, கள் விற்கும் மனையில் ஒரு கொடி. இவற்றோடு கற்றறிந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதை நட்டவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார். எவரும் வந்து அவரை எதிர்க்கலாம். அவர் பதில் சொல்லியாகவேண்டும். தோற்றால் கொடியை இறக்கவேண்டும். கள்ளுக்கடைக் கொடியைப் பார்த்து வருகிறவனுக்கும் உள்ளே கள் இருந்தாகவேண்டும். சொன்ன வாக்கைக் காப்பாற்றவேண்டிய கடன் அந்தக் கொடிகள் ஒவ்வொன்றுக்கும் உண்டு. என் முன்னால் எழுந்த கட்டில் விரிப்புக்கு யாரிடமும் எந்தக் கடனும் இல்லை. அதன் விலையை முழுவதுமாகச் செலுத்தியவர்கள் அதன் பின்னால் நின்ற நாங்கள்.

மூன்றாவது வாதம் கருத்துரிமை. இங்கே நகைச்சுவைக்கு இடமில்லை. ஏனெனில் ஓர் இசைநிகழ்ச்சியில் கொடி உயர்த்தியதற்காக வாழ்க்கையையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

2017 செப்டம்பர் 22 அன்று கெய்ரோவில் லெபனான் நாட்டு இசைக்குழுவான மஷ்ரூ லெய்லாவின் நிகழ்ச்சி நடந்தது. அதன் பாடகர் ஹமீத் சின்னோ தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தவர். கூட்டத்தில் சிலர் வானவில் கொடியை உயர்த்தினார்கள். அவர்களில் ஒருவர் சாரா ஹெகாஸி. ஒருவருடைய தோளில் அமர்ந்து, இரு கைகளாலும் கொடியை விரித்துச் சிரிக்கும் அவருடைய படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். படங்கள் பரவின. எகிப்தியக் காவல்துறை கைதுகளைத் தொடங்கியது. சாரா மூன்று மாதங்கள் சிறையிலிருந்தார். அங்கே தான் சித்திரவதைக்கு உள்ளானதைப் பின்னர் எழுதினார். பிணையில் வெளிவந்து கனடாவில் தஞ்சம் புகுந்தார். 2020 ஜூனில் அங்கே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அந்தக் கொடிக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் மேடை மறைந்திருக்கலாம். அவர்களிடம் போய் அது இடையூறா என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. நண்பர் இந்த உதாரணத்தைச் சொன்னதும் நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அவர் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார். ஆனால் இந்த உதாரணம் அவருக்கு எதிராகவே பேசுகிறது. கெய்ரோவில் கொடியின் விலையை அதை உயர்த்தியவர் கொடுத்தார். பிறந்தநாள் வாழ்த்துக்கும் மதுபானப் பகடிக்கும் உருளைக்கிழங்குப் படத்துக்கும் கம்பம் தூக்குகிறவர் சாரா ஹெகாஸியின் பெயரில் அடைக்கலம் தேடுவது நியாயமில்லை. இருவரும் செய்தது துணியை உயர்த்தியதுதான் என்றால், கடிதம் எழுதுவதும் சுவரில் கிறுக்குவதும் ஒன்று என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் தடை செய்துவிடலாமா? சில விழாக்கள் கம்பங்களை வாயிலிலேயே பிடுங்கிவைத்துவிடுகின்றன. நான் தடையை ஆதரிக்கவில்லை. தடை எப்படித் தொடங்கி எங்கே போய் நிற்கும் என்பதற்கு யூரோவிஷன் பாட்டுப்போட்டியைப் பார்க்கலாம். 2024இல் சுவீடனின் மால்மோ நகரில் நடந்தபோது, பங்கேற்கும் நாடுகளின் கொடிகளும் வானவில் கொடியும் மட்டுமே அரங்குக்குள் வரலாம் என்று விதி வகுத்தார்கள். பாலஸ்தீனக் கொடிக்கு அனுமதியில்லை. இஸ்ரேல் போட்டியில் இருந்ததால் அதன் கொடிக்கு உண்டு. அந்த விதியே இறுதிச் சுற்றில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியையும் வெளியே நிறுத்தியது. ஐரோப்பியப் பாட்டுப்போட்டியில் ஐரோப்பியக் கொடிக்கு இடமில்லை! ஒன்றியத்தின் ஆணையம் கண்டனம் தெரிவித்தது. ஆண், பெண் என்ற இரண்டு பாலினத்துக்குள் தன்னை அடக்கிக்கொள்ளாத நெமோ அந்த ஆண்டு வென்றவர். தன் அடையாளக் கொடியை ஒளித்துத்தான் உள்ளே கொண்டுவர நேர்ந்தது என்று அவர் சொன்னார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பார்வையாளர்களுக்கான விதியைத் தளர்த்தவேண்டியதாயிற்று. எந்தத் துணி வரலாம், எது வரக்கூடாது என்று தரம்பிரிக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்தால், அது முதலில் பிடிப்பது பிறந்தநாள் வாழ்த்தை அல்ல. கெய்ரோவின் கொடியைத்தான் பிடிக்கும்.

ஆகவே என் கட்சிக்கும் கொடியில் எழுதப்பட்டிருப்பதற்கும் தொடர்பில்லை. கிளாஸ்டன்பரியில் 2024இலும் 2025இலும் பாலஸ்தீனக் கொடிகள் ஏராளமாக உயர்ந்தன. அவற்றைப் பகடிக் கொடிகளோடு சேர்த்து எண்ணுவது அறிவீனம். ஆனாலும் நான் சொல்லும் முறை எல்லாக் கொடிகளுக்கும் ஒன்றுதான். இல்லாவிட்டால் நானும் மால்மோவின் விதிக்குழுவில் உறுப்பினராகிவிடுவேன். பேச்சு கம்பத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும்தான். தோளில் போர்த்திய கொடியும் நெஞ்சுக்கு முன் விரித்த கொடியும் எவர் கண்ணையும் மறைப்பதில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது உயர்த்துங்கள். படக்கருவி கூட்டத்தின் பக்கம் திரும்புவதும் பெரும்பாலும் அப்போதுதான். அடுத்த பாட்டு தொடங்கும்போது இறக்கிவிடுங்கள்.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலை நினைவூட்டுகிறேன். பிபிசி ப்ராம்ஸ் இசைத்தொடரின் இறுதி இரவில் கொடிகளுக்குப் பஞ்சமில்லை. 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு பிரிட்டனின் கொடியோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக் கொடியும் போட்டிபோட்டுக்கொண்டு அசைந்தது. அதைப் பற்றிய சச்சரவுகள் நாளிதழ்கள் வரை போயின. ஆனால் அந்தக் கொடிகளுக்கு ஒரு நேரம் இருக்கிறது. முதற்பகுதியில் ஒருவர் வயலின் வாசிக்கையில் அரங்கம் அமைதியாக இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து பாடும் பிற்பகுதியில் கொடிகள் எழுகின்றன. எந்தக் காவலரும் அதை அமல்படுத்துவதில்லை. வருகிறவர்கள் தாமாகப் பழகிக்கொண்ட மரபு அது. நண்பர் என்னைச் சபாக்காரன் என்று இடித்துரைத்தாரே, சபைக்கு இருக்கும் இந்த நாகரிகம் புல்வெளிக்கு மட்டும் ஏன் எட்டாக்கனி என்று எனக்கு விளங்கவில்லை. கூட்டத்தில் நிற்பது சுதந்திரம்தான். அந்தச் சுதந்திரத்துக்குத் தலைக்கு மேலே இருக்கும் வெற்றுவெளியும் பொதுச்சொத்து. அதில் வேலி போடுவதற்குக் கம்பம் நீளமாக இருப்பது மட்டும் போதுமான உரிமையாகாது.

கொடி பிடிப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். உயர்த்திய பிறகு ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பின்னால் யார் நிற்கிறார்கள், என்ன உயரம், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருப்பார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். திரும்பிப் பார்க்காதவர்கள், அவ்வளவே.

அன்று அந்த விழாவில், கடைசிப் பாட்டு முடிந்ததும் கொடி இறங்கியது. இளைஞர் அதைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். வியர்த்து, சிவந்து, மகிழ்ச்சியில் மலர்ந்த முகம். முகமறியாத என்னைப் பார்த்துச் சிரித்து, பிரமாதமாக இருந்தது இல்லையா என்று கேட்டார். கோபப்பட முடியவில்லை.

நன்றாகக் கேட்டது என்றேன்.