இல்லமும் தோட்டமும்: சிட்டுக்குருவிக்கு ஒரு சிற்றில்

தில்லிவாழ் தமிழன்பர்களுக்கு எளிய பணி ஒன்றை இத்திங்கள் எடுத்துரைக்க விழைகின்றோம்.

2012ஆம் ஆண்டில் சிட்டுக்குருவி தில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் அது கூடு கட்டும் இடங்கள் அருகி வருகின்றன. ஊரில் ஓட்டுக் கூரையின் இடுக்கிலும் சுவர்ப் படத்தின் பின்னும் அது குடியிருக்கக் கண்டோம். இந்நகரின் அடுக்குமாடிச் சுவர்களிலோ இடுக்கும் இல்லை, பொந்தும் இல்லை. ஆதலின் நாமே பெட்டி செய்து தருதல் நன்று.

எனினும், கருதாமற் செய்த பெட்டி குஞ்சுகளுக்குக் கூற்றாகிவிடும். இங்கே குளிர்கால இரவில் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழ் இறங்குவதுண்டு. கோடையில் 45 பாகையை எட்டுவதும் உண்டு. இறகு முளைக்காத குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. எனவே, தகர டப்பா எக்காலத்துக்கும் ஆகாது.

2 செ.மீ. தடிப்புள்ள மரப்பலகையே ஏற்றது. உட்புறம் 15 செ.மீ. சதுரமும் 25 செ.மீ. உயரமும் இருக்கட்டும். வாயில் 3.2 செ.மீ. அகலமுள்ள வட்டமாக, தளத்திலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் அமைதல் வேண்டும். வாயிலைப் பெரிதாக்கினால் மைனா புகுந்துவிடும். அதன் கீழ் உட்பலகையை உளியாற் கீறிவிட்டால் குஞ்சுகள் பற்றி ஏறும். அடித்தளத்தில் நீர் வடியச் சிறு துளைகள் இடுக. வாயில்முன் குச்சி வேண்டா. பகைப் பறவை அமர்வதற்கே அது உதவும்.

கூரையே முதன்மையானது. ஒரு பலகையின்மேல் விரற்கடை இடைவெளி விட்டு மற்றொன்றைச் சாய்வாகப் பொருத்தி, இடையே உலர்ந்த தேங்காய் நாரை அடைக்க. நாரிடையே சிறைப்பட்ட காற்று குளிரையும் வெயிலையும் எளிதில் உள்ளே விடாது. மேற்பலகை சற்று நீண்டிருப்பின் மழைநீர் நாரை நனைக்காது. உட்புறம் வண்ணம் பூசலாகாது.

பூனைக்கு எட்டாதவாறு 3 மீட்டர் உயரத்தில், வடக்கு அல்லது கிழக்கு நோக்கி மாட்டுக. மேற்கு வெயில் படும் சுவர் தகாது. குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் புழு பூச்சிகளே உணவு; ஆதலின் தொட்டிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிக்கற்க. முட்டை பொரிக்க ஏறத்தாழ 12 நாளும், குஞ்சு பறக்க மேலும் 15 நாளும் ஆகும். அதுவரை குழந்தைகள் பெட்டியைத் திறவாமற் பார்த்துக்கொள்க. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் பழங்கூட்டை நீக்கி, வெந்நீராற் கழுவி உலர்த்துக.

பெட்டி மாட்டியவுடன் குருவி வரவில்லையே என்று வருந்தவேண்டா. புதிய இடம் பழகச் சில திங்கள் ஆகலாம். இந்நகர் நமக்குப் பழகவும் காலம் ஆயிற்றன்றோ?