தீவகத்துக் குழந்தைக்கும் உரிமை உண்டு

நோய் அரிதானது என்பதால் நோயாளியின் உரிமை அரிதானதாகிவிடாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் ஐரோப்பியருக்கே உரியது என்றெண்ணி, நெடுங்காலம் நம்மவரிடையே அதனைத் தேடுவார் இலர். தேடாத நோய் தென்படாததில் வியப்பென்ன? இன்றோ வேலூரிலும் புதுடில்லியிலும் இந்நோயுற்ற குழந்தைகள் சிகிச்சை பெறுகின்றனர்.

1938இல் அமெரிக்க வைத்தியர் டொரதி அண்டர்சன் இந்நோயைத் தெளிவுற விளக்கினார். நுரையீரலை வருத்தும் இந்நோய் குடலையும் விட்டுவைப்பதில்லை. சதையியின் நாளங்களைத் தடித்த சளி அடைத்துவிட, நொதியங்கள் குடலைச் சென்றடைவதில்லை. உண்ட கொழுப்பு செரியாது எண்ணெய்ப் பிசுக்குடன் துர்நாற்றமாய்க் கழிகின்றது. அதனோடு ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துக்களும் வீணாகின்றன. சில சிசுக்களுக்குப் பிறந்தவுடனேயே குடல் அடைபடும், வளர்ந்தவர்க்கும் அடைப்பு நேரலாம், நீரிழிவும் தொடரலாம். வயிறார உண்டும் தேறாத பிள்ளையைப் பூச்சிக்குணம் என்று கூறிக் காலங்கடத்துவது ஆபத்தாகும்.

இந்நோயாளரின் வியர்வையில் உப்பு மிகுதி என்பது 1953இல் வெளியிடப்பட்டது. அதற்கு வழிகாட்டியது நியூயோர்க் நகரத்து வெப்ப அலையே. அவ்வாறாயின் நெடுந்தீவின் வெயிலில் வாடும் குழந்தைக்கு உப்பிழப்பு எத்துணைக் கொடியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மருந்து இல்லாமலில்லை. உணவுதோறும் உட்கொள்ளும் நொதியம் பன்றியின் சதையியிலிருந்து பெறப்படுவது. சைவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இதனை எடுத்துரைத்து இசைவு பெறுதல் வைத்தியர் கடமை. அளவு மிஞ்சினால் பெருங்குடல் தழும்பேறிச் சுருங்கவுங்கூடும். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முக்கூட்டு மருந்து நுரையீரலையும் உடல் எடையையும் பெரிதும் தேற்றுகின்றது. ஆயினும் வளர்ந்தவரின் சிதைந்த சதையி பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே நொதியம் தொடர வேண்டும். அம்மருந்து ஈரலைத் தாக்கக்கூடுமாதலால் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. எல்லா மரபணுக் குறைபாட்டுக்கும் அது பயன்படாது. ஐரோப்பியரிடையே மலிந்த குறைபாடு நம் பிரதேசத்தில் அந்த அளவுக்கு இல்லை. எனவே மரபணுச் சோதனை முந்த வேண்டும்.

குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேரும் நெடுந்தீவுத் தாய், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாட் கூலியை இழக்க வேண்டுமா? ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களிலேயே இரத்தம் பெற்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்தல் இயலாத காரியமன்று. போதனா வைத்தியசாலையில் வியர்வைப் பரிசோதனையும், தடைபடாத நொதிய விநியோகமும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

முக்கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் முதலில் குறிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 3 இலட்சம் டொலருக்கும் அதிகம். ஆர்ஜென்ரீனாவில் உள்நாட்டு நிறுவனமே அதற்கு ஈடான மருந்தைச் செய்கின்றது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பொதுநலன் வேண்டும்போது ஆக்கவுரிமையாளரின் இசைவின்றியும் உரிமம் வழங்க இடமளிக்கின்றது. 2001ஆம் ஆண்டு டோஹாப் பிரகடனமும் அரசுகளின் இவ்வுரிமையை ஏற்றுள்ளது. சட்டம் இருக்க, விலையைக் காட்டிக் கைவிரிப்பது நேர்மையாகாது. 1951 முதல் இலவச வைத்தியத்தைக் கொள்கையாகக் கொண்ட நாடு இது என்பதை ஆட்சியாளர் மறத்தல் ஆகாது.

நம் மக்களுக்கும் ஒரு சொல். தாய் தந்தை இருவரும் இக்குறைபாட்டைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்வாய்ப்பு நான்கில் ஒன்று. இரத்த உறவில் மணம் புரிந்தோரிடையே இருவரும் சுமக்கும் வாய்ப்பு மிகும். இதில் தாய்மீது பழி சுமத்துவது அறியாமை. நோயை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. வைத்தியர், ஆசிரியர், சட்டத்தரணிகள் கோரிக்கையை எழுப்பட்டும். உழவர் பெருமக்கள் தேறாத பிள்ளையைத் தயங்காது வைத்தியரிடம் காட்டட்டும். கடல் நடுவே பிறந்தது குழந்தையின் குற்றமன்று.