எமுலேட்டர் என்ற கள்ளச்சாவி: ஒரு மறுப்பு

பழைய வீடியோ கேமை எமுலேட்டரில் விளையாடுவது திருட்டு. ரசிகர்கள் கூடி ஒரு கேமைத் திருத்துவதும் நீட்டுவதும் அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்வது. காப்பாற்ற வேண்டியதைக் கம்பெனிகளே காப்பாற்றும், மிச்சத்துக்கு மியூசியம் இருக்கிறது. இந்த மூன்று பேச்சும் எப்போதும் சேர்ந்தேதான் வரும். கம்பெனி வக்கீல்கள் மட்டும் சொன்னால், அது அவர்கள் தொழில் என்று விட்டுவிடலாம். காசு கொடுத்து முறையாக கேம் வாங்குகிறவர்களும் இதையே சொல்வதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிலுக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன். சட்டத்தை எழுத்தெண்ணிப் படிக்கிற நாடு அது. கேம்களைத் தடுத்ததிலும் வெட்டியதிலும், பிறகு பண்பாட்டுச் சொத்து என்று தலையில் தூக்கி வைத்ததிலும் அதற்கு நாற்பது ஆண்டு அனுபவம்.

முதலில் திருட்டு என்ற குற்றச்சாட்டு. இதில் இரண்டு வேறு பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். எமுலேட்டர் என்பது பழைய கன்சோலின் சில்லுகள் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகாட்டும் ஒரு நிரல். கேம் அதற்குள் இல்லை. கேம் இருப்பது கேசட்டிலிருந்தோ வட்டிலிருந்தோ படித்தெடுத்த கோப்பில். ஒரு நிரல் என்ன வேலை செய்கிறது என்பதற்குக் காப்புரிமை கிடையாது, அது எழுதப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கும் 2000இல் மேல்முறையீட்டில் சோனிக்கு எதிராகவே முடிந்தது.

கோப்பு வேறு விஷயம். ஜெர்மன் சட்டத்தில் இசைத்தட்டைச் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கும் சலுகை கணினி நிரலுக்கு இல்லை. முறையாக வாங்கியவர் தன் பிரதிக்கு ஒரு காப்பு நகல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பூட்டுப் போட்ட வட்டு என்றால் அதிலும் சிக்கல். கடையில் இன்றும் விற்கும் கேமின் கோப்பை ஊருக்கெல்லாம் அள்ளி வீசுவது உரிமை மீறல்தான். ஸ்விட்ச் கன்சோலுக்கான யூசு என்ற எமுலேட்டர் மீது நிண்டெண்டோ தொடுத்த வழக்கு 2024இல் 24 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. ஸ்விட்ச் அப்போது விற்பனையில் இருந்த கன்சோல். யூசுவை எழுதியவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுக்கு முந்தைய கேசட்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

கேமில் கைவைப்பதே குற்றம் என்று வாதிடுவோர் சோனி–டேட்டெல் வழக்கைப் படிக்க வேண்டும். சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பிக்கு டேட்டெல் என்ற கம்பெனி ‘ஆக்‌ஷன் ரீப்ளே’ என்று ஒரு துணை நிரல் விற்றது. ‘மோட்டார்ஸ்டார்ம்: ஆர்க்டிக் எட்ஜ்’ பந்தயத்தில் டர்போ வேகத்துக்குக் கம்பெனி வைத்த வரம்பை அது எடுத்துவிடும். கேமின் நிரலில் ஒரு வரியைக்கூட அது மாற்றவில்லை. கேம் ஓடும்போது நினைவகத்தில் எழுதி வைக்கும் சில எண்களை மட்டும் மாற்றியது. இதுவே எங்கள் நிரலைத் திரிப்பதுதான் என்றது சோனி. ஹாம்பர்க் நீதிமன்றம் 2012இல் பெருமளவு சோனி பக்கம் சாய்ந்தது. அதே ஊரின் மேல் நீதிமன்றம் 2021இல் அதைப் புரட்டிப்போட்டது. கார்ல்ஸ்ரூவில் உள்ள உச்ச நீதிமன்றம் 2023இல் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் கேள்வி கேட்டது. நிரலின் மூலக்குறியீடும் அதிலிருந்து உருவாகும் எந்திரக்குறியீடும்தான் பாதுகாக்கப்பட்டவை, ஓடும்போது மாறும் எண்கள் அல்ல என்று 2024 அக்டோபர் 17 அன்று லக்சம்பர்க் பதில் தந்தது. 2025 ஜூலையில் கார்ல்ஸ்ரூ அதை ஏற்றுச் சோனியின் வழக்கைத் தள்ளியது. முதல் தீர்ப்புக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள். பிஎஸ்பி கடையை விட்டே போய்விட்டது. விளையாடுகிறவர் தன் வீட்டில் தன் கேமோடு என்ன செய்கிறார் என்பதெல்லாம் கம்பெனியின் ராஜ்ஜியம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அடுத்தது, கம்பெனிகளே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஜெர்மனியில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் ‘டெர்ரானிக்மா’ என்று சொல்லிப் பாருங்கள். ஜப்பானில் க்வின்டெட் உருவாக்கி, 1995இல் எனிக்ஸ் வெளியிட்ட சூப்பர் நிண்டெண்டோ கேம். 1996 இறுதியில் ஐரோப்பாவுக்கு வந்தது, அதுவும் ஜெர்மன் மொழியிலேயே பேசிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. பின்னால் வந்த கன்சோல்களுக்கும் மறுபதிப்பு வரவில்லை. உருவாக்கிய க்வின்டெட்டும் இன்று இயங்கவில்லை. இன்று ஒருவர் அதை விளையாட நினைத்தால் இரண்டே வழி. பழைய கேசட்டைச் சேகரிப்பாளர் விலை கொடுத்து வாங்கி, சேமிப்புக்கான குட்டி பேட்டரி இன்னும் உயிரோடு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வது ஒன்று. எமுலேட்டர் மற்றது. பழைய கேசட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காசுகூட அதை எழுதியவர்களுக்குப் போகாது. முதல் வழி கண்ணியம், இரண்டாவது களவு என்பவர்கள் யாருடைய நஷ்டத்தைக் கணக்கிடுகிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொன்னால் நல்லது.

இது ஒரு கேமின் விதிவிலக்கான கதை இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு வெளியிட்டது.

கம்பெனிகள் மறுபதிப்பு கொண்டுவரும்போதும் கதை சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியின் பெருமைக்குரிய ‘டுரிக்கன்’, மான்ஃப்ரெட் ட்ரென்ஸ் கைவண்ணத்தில் ரெயின்போ ஆர்ட்ஸ் 1990இல் வெளியிட்டது. அதற்குச் சரியான தொகுப்பு ‘டுரிக்கன் ஃப்ளாஷ்பேக்’ என்ற பெயரில் 2021இல்தான் வந்தது. அதுவும் எமுலேட்டரில்தான் ஓடுகிறது. இடைப்பட்ட முப்பது ஆண்டும் டுரிக்கனை மறக்கவிடாமல் வைத்திருந்தவர்கள் அமீகா கணினிக்கான எமுலேட்டரை எழுதியவர்களும், 2007இல் ‘ஹரிக்கன்’ என்று அதற்கொரு காணிக்கையை உருவாக்கி இலவசமாகக் கொடுத்த ஜெர்மன் ரசிகர்களும்தான். இன்னும் வேடிக்கை சோனியுடையது. 2018இல் அது விற்ற ‘பிளேஸ்டேஷன் க்ளாசிக்’ குட்டிப் பெட்டிக்குள் ஓடியது சோனி எழுதிய எமுலேட்டர் அல்ல. ஆர்வலர்கள் உருவாக்கித் திறந்த மூலமாகப் பொதுவில் வைத்த பிசிஎஸ்எக்ஸ்-ரீஆர்ம்டு அது. கள்ளச்சாவி என்று திட்டிய அதே பொருளைப் பெட்டியில் போட்டு விற்றால் அதற்குப் பெயர் மாறிவிடுமா?

அந்தப் பெட்டியிலேயே அடுத்த வாதத்துக்கும் பதில் இருக்கிறது. எமுலேட்டரில் வருவது அசல் அனுபவம் இல்லை என்கிறார்கள். பாதி உண்மை. பழைய குழாய் டிவியின் ஒளிர்வும் பொத்தானை அழுத்திய கணமே திரையில் தெரியும் துடிப்பும் புதிய திரையில் அப்படியே வருவதில்லை. நிரல் வடிகட்டிகள் அதை ஓரளவு போலச் செய்யும், முழுதாக அல்ல. சரி, எது அசல்? ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) முறை டிவி நொடிக்கு 50 முறை படம் மாற்றுவது, ஜப்பானியத் தொலைக்காட்சி 60 முறை. பல கேம்களை இதற்கேற்பத் திருத்தாமலே அனுப்பியதால் ஜெர்மன் குழந்தைகள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்த கேமை, திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு, இழுத்துப் பாடும் இசையோடு விளையாடினார்கள். பிளேஸ்டேஷன் க்ளாசிக்கில் இருந்த இருபது கேம்களில் ஒன்பது இந்த மெதுவான பதிப்புகள். எமுலேட்டரில் ஒரு சொடுக்கில் இரண்டு வேகத்தையும் வைத்துப் பார்க்கலாம். கம்பெனி தந்த பெட்டியில் அந்த வசதி இல்லை.

எது அசல் என்பதற்கு இன்னொரு உதாரணம் ‘கான்ட்ரா’ என்ற கேம். அது தெரியாத தொண்ணூறுகளின் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. டிவி கேம் என்று நம் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் நகல் கன்சோல்தான், கேசட்டும் அப்படித்தான். அந்தக் கதையை இன்னொரு நாள் பேசலாம். அதே கேம் 1990இல் ஐரோப்பியக் கடைக்கு வந்தபோது அதன் பெயர் ‘ப்ரோபோடெக்டர்’. துப்பாக்கியோடு ஓடும் இரண்டு வீரர்களின் இடத்தில் இரண்டு ரோபோக்கள். மனிதன் மனிதனைச் சுடும் காட்சி ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் என்ற பயமே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊர் நகல் கேசட்டில் இருந்தது கம்பெனி உருவாக்கிய அசல் கான்ட்ரா. ஜெர்மன் கடையில் முறையாக விற்றது திருத்திய பதிப்பு. முறையான பொருள்தான் அசல் என்பவர்களுக்கு இது ஒரு சங்கடமான உதாரணம்.

இதோடு ஜெர்மனியின் தடைப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்டிவிஷனில் கரோல் ஷா எழுதிய ‘ரிவர் ரெய்ட்’ ஆற்றின் மேல் ஒரு விமானம் பறக்கும் சாதாரண கேம். சிறுவர்களுக்குப் படைப்பயிற்சி கொடுப்பது போன்றது என்று கருதி இளையோருக்கு ஊறு செய்யும் படைப்புகளின் பட்டியலில் 1984இல் அதைச் சேர்த்தார்கள். பட்டியலில் ஏறிய பொருளை விளம்பரம் செய்யவோ கடையில் பார்வைக்கு வைக்கவோ முடியாது. 2002இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு எந்த வயதினரும் விளையாடலாம் என்றே சான்று கிடைத்தது! ‘டூம்’ 1994இல் பட்டியலுக்குப் போய் 2011இல் வெளியே வந்தது. அந்தப் பதினேழு பதினெட்டு ஆண்டுகளும் கடைக்காரர் அஞ்சினார், வெளியீட்டாளர் ஒதுங்கினார். கேம்கள் பிழைத்திருந்தது சேகரிப்பாளர்கள் கையிலும் எமுலேட்டர் ஆர்வலர்கள் கையிலும். அரசு மனம் மாறிய நாளில் திரும்பப் பார்ப்பதற்கு ஒரு கேம் மிஞ்சியிருந்ததே அவர்களால்தான்.

மியூசியம் இருக்கிறதே என்பவர்கள் ஒருமுறை பெர்லினின் கார்ல் மார்க்ஸ் அலேயில் இருக்கும் கம்ப்யூட்டர் கேம் மியூசியத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 1997இல் தொடங்கியது, 2011 முதல் அந்த முகவரியில் நிரந்தரக் கண்காட்சி நடத்துகிறது. அங்கே நான் பார்க்கச் சொல்வது பாலி-ப்ளே. கிழக்கு ஜெர்மனியில், அப்போது கார்ல்-மார்க்ஸ்-ஸ்டட் என்றிருந்த இன்றைய கெம்னிட்ஸில், அரசு ஆலையொன்று எண்பதுகளின் நடுவில் தயாரித்த மரப்பெட்டி கேம் எந்திரம். சோஷலிச நாட்டின் ‘பேக்மேன்’ போல, அதில் ஓநாய் முயலைத் துரத்தும். மான் வேட்டை உண்டு, உடைந்த தண்ணீர்க் குழாயை அடைக்கும் கேம் உண்டு. சுவர் விழுந்தது, ஆலையை நடத்திய அரசும் மறைந்தது, பெட்டிகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. இந்தச் சொத்துக்கு வாரிசு தேடி மறுபதிப்பு கேட்க முடியுமா? ஆனால் மிஞ்சிய பெட்டிகளின் சில்லுகளைப் படித்தெடுத்து, மாமே என்ற ஆர்கேடு எமுலேட்டரில் ஆர்வலர்கள் பாலி-ப்ளேயை ஓடவைத்திருக்கிறார்கள். மியூசியத்தில் இருப்பது பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் நினைவகச் சில்லு ஒவ்வொரு ஆண்டும் தன் மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. காந்தப் பூச்சு உதிரும் ஃப்ளாப்பிகளும் அப்படியே, பலகையில் பற்றவைத்த பேட்டரி கசிந்து செப்புத் தடங்களைத் தின்றுவிட்ட அமீகாக்களும் அப்படியே. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதால் இந்த அரிப்பு நிற்பதில்லை.

இதை மியூசியக்காரர்களே நன்கு அறிவார்கள். 2009 முதல் 2012 வரை ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடந்த கீப் திட்டத்தில் ஜெர்மன் தேசிய நூலகமும் பெர்லின் மியூசியமும் பங்காளிகள். எமுலேட்டர்களைத் தலைமுறை தாண்டி எப்படிக் கொண்டுபோவது என்பதே அங்கே கேள்வி. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் எமுலேஷனையே ஒரு சேவையாக்கி, நூலக வாசகர் தன் உலாவியிலேயே பழைய கணினியைத் திறந்து பார்க்கும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். அரசுப் பணம் வாங்கும் பேராசிரியர் செய்தால் பாதுகாப்பு, இரவு கண்விழித்து ஆர்வலர் செய்தால் கொள்ளையா?

ரசிகர்கள் ஒட்டுண்ணிகள் என்ற கடைசிக் குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மியூனிக்கின் ஷூர்ஏஐ குழு ‘ஸ்கைரிம்’ கேமின் மேல் புதிய உலகம், புதிய கதை, புதிய குரல்கள் என்று எல்லாவற்றையும் கட்டி ‘எண்டரல்’ என்று 2016இல் இலவசமாக வெளியிட்டது. அதை விளையாட ஸ்கைரிமை முதலில் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். ‘காதிக்’ தொடரை உருவாக்கிய எஸ்சன் நகரத்து பிரான்யா பைட்ஸ் 2024இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், போலந்து ரசிகர்கள் 2002இன் காதிக் இரண்டாம் பாகத்தின் மேல் ‘ஆர்கோலோஸ்’ என்ற முழு நீளக் கதையை எழுப்பி இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்கும் பழைய காதிக்கை வாங்கித்தான் ஆக வேண்டும். இருபது வயதான கேமை வாங்க ஒரு புதிய காரணத்தை உருவாக்கிக் கொடுத்தவர்களை ஒட்டுண்ணி என்பது பொருந்தவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2019இன் ஐரோப்பிய ஒன்றியக் காப்புரிமை உத்தரவின் ஆறாம் பிரிவு, தங்கள் சேகரிப்பில் உள்ளவற்றைப் பாதுகாக்க நகலெடுக்கும் உரிமையை நூலகம், மியூசியம் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. கணினி நிரலும் அதில் அடக்கம். ஜெர்மனி 2021 ஜூனில் அந்த உத்தரவைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. நிறுவனம் என்ற பலகை இல்லாதவருக்கு அந்த உரிமை இல்லை. பாலி-ப்ளேயின் சில்லைப் படித்தெடுத்தது எந்த நிறுவனமும் இல்லை, ஆர்வலர்கள்தான். பல ஆண்டுகளாக விற்பனையில் இல்லாத கேமுக்கு அந்தச் சலுகையை அவர்களுக்கும் நீட்டிக்கலாமா என்ற கேள்வியைப் பெர்லினிலும் பிரசெல்ஸிலும் கேட்க வேண்டும். திருட்டு என்று கத்துவது எளிது என்பதால் அந்த வேலை அப்படியே கிடக்கிறது.