வை-பை சாவி யார் கையில்?

கடைக்குப் பூட்டு வாங்கினால் சாவியை நாமே வைத்துக்கொள்கிறோம். பூட்டு விற்றவரிடம் யாரும் விட்டுவிட்டு வருவதில்லை. ஆனால் வை-பை விடயத்தில் நம் வியாபாரிகள் பலர் அப்படித்தான் செய்கின்றனர்.

கூரையில் பொருத்தும் எக்செஸ் பொயின்ட் பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்ட்கள் உண்டு. ஒன்று போனை இணைப்பதற்கு. மற்றது பெட்டியையே ஆள்வதற்கு. முதலாவதை எல்லோரும் கேட்டு வாங்குகின்றனர். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. அது பொருத்தியவர் கையில் இருக்கும், அல்லது தொழிற்சாலையில் இட்டபடியே கிடக்கும். இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்ட்களைக் கொண்டுதான் 2016இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் லட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது.

ஒரு கடை, ஒரு பெட்டி என்றால் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து மாற்றினால் போதும். நான்கைந்து கிளைகள், களஞ்சியம், அலுவலகம் என்று வைத்திருப்பவருக்கு அது சரிவராது. ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்துவிடுவார்கள். கறுப்புத் திரையில் கட்டளை எழுதும் முறையே இங்கு சிறந்தது என்பது என் கருத்து. எஸ்.எஸ்.எச். வழியாகப் பெட்டிக்குள் நுழைந்தால் பாஸ்வேர்ட் வழியில் எவருக்கும் தெரியாது. பழைய டெல்நெட்டில் அது திறந்த கடிதம்போல் போகும். கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் எல்லாக் கிளைகளிலும் ஒரே தடவையில் மாற்றலாம். என்ன மாற்றப்பட்டது என்பதற்கு அக்கோப்பே சாட்சி. லினக்ஸில் ஓடும் பல பெட்டிகளில் 'ஐ.டபிள்யூ.' என்ற கருவி, அந்நேரம் இணைந்துள்ள ஒவ்வொரு சாதனத்தின் இலக்கத்தையும் காட்டிவிடும். பக்கத்துக் கடைக்காரர் நம் இணைப்பில் படம் பார்த்தால் அதிலேயே தெரியும்.

முதலாளி கட்டளை எழுதப் பழகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேரேட்டைக் கணக்கப்பிள்ளை எழுதலாம். ஆனால் பேரேடு முதலாளியுடையது. ஆகவே, பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஆளும் பாஸ்வேர்ட் எழுத்தில் வேண்டும், கட்டளைக் கோப்பின் பிரதி வேண்டும், வாடிக்கையாளர் வை-பை பில் மெசினும் கார்ட் மெசினும் உள்ள வலையமைப்பிலிருந்து பிரிக்கப்படவேண்டும்.

வேலையாள் விலகும் நாளில் கடைச் சாவியைத் திருப்பி வாங்குகிறோம். அன்றே வை-பை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.